திரையில்தான் கோளாறு

"தப்பு என் மேலதான் சார். அவ கவனமாத்தான் பார்த்திருக்கா. நான் மாட்டிக் குடுத்த ஸ்கிரீன்தான் சரியில்ல." கம்ப்யூட்டர் மெக்கானிக் போனில் சொன்னான்.

மறுமுனையில் பதிப்பகத்தார். மெக்கானிக்கின் மனைவி வீட்டிலிருந்தே அவருடைய புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஓர் ஒற்று விடுபட்டால்கூட விடமாட்டாள் என்று அவளுக்குப் பெயர். கடைசியாகப் பார்த்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிழை தங்கிவிட, இனி வேண்டாம் என்று அவர் நிறுத்திவிட்டார். அவள் கணினியைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

இன்று அந்தத் துணியை விலக்கிக் கணினியைப் போட்டுப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை போல விளிம்பு கலங்கி நின்றது.

ஊரார் மானிட்டரைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. எல்சிடி திரையைச் செய்யும்போதே இத்தனை புள்ளிகள் என்று ஓர் அளவு வைத்துவிடுகிறார்கள், கணினியின் ரெசல்யூஷனும் அதே அளவில் இருந்தால்தான் எழுத்து தெளிவாக விழும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறவன். சொந்த வீட்டில் பெரிய திரையை அவசரமாக மாட்டியவன், பழைய சின்னத் திரையின் அளவிலேயே விட்டிருந்தான்.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று அவள் அப்போதே சொன்னாள். கண் டாக்டரிடம் போய் வரட்டுமா என்றும் கேட்டாள். அவன் சிரித்தான்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ரெசல்யூஷன்தான் தப்பா இருக்கு. ஞாயித்துக்கிழமை மாத்தித் தரேன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவள் கேட்டுப் பார்த்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இதே தொழிலில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தாள்.

பதிப்பகத்தார் நல்ல மனிதர். கொஞ்சம் கடிந்துகொண்டாலும், அடுத்த புத்தகத்தை அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அவன் ரெசல்யூஷனை மாற்றினான். டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. எழுத்துகள் வார்த்தெடுத்த மாதிரி பளிச்சென்று நின்றன. இவ்வளவுதான் வேலை என்று நினைக்க நினைக்க அவனுக்குக் கூசியது.

அவள் காபி கொண்டுவந்தாள். மேசை விளிம்புக்கு வெளியே வைக்கப்போன கோப்பையை அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். வேலை போனதற்குத் தானே காரணம் என்று பதிப்பகத்தாரிடம் ஒப்புக்கொண்டதையும், புதுப் புத்தகம் வரப்போவதையும் சொன்னான். மன்னித்துவிடு என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"இப்ப படிச்சுப் பாரு."

அவள் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு அருகே போனாள். கண்ணைச் சுருக்கினாள். கசக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு, அவன் மனம் நோகக் கூடாதே என்பது போல, மெதுவாகக் கேட்டாள்:

"இன்னும் மாத்தலையாங்க?"