நாடு முழுக்க ரெண்டே பேர்

"நாவாபொன்பைங்கிற குடும்பப் பேரோட ஒருத்தர் இந்தக் கடையில இருக்காராமே, அவரு யாருங்க?"

கேட்டவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. நூடுல்ஸை அள்ளிய கரண்டியோடு சனான் அப்படியே நின்றுவிட்டான். கொதிக்கும் சாறு மணிக்கட்டில் வழிந்தது. சுட்டதும் வாயில் வந்த வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கினான்.

"இதோ நிக்கிறாரே, இவருதான்," என்று மீன் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி புவா காட்டிக்கொடுத்தாள். "எனக்கே கட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் கழிச்சுதான் இந்தப் பேரு தெரியும். யாரு கேக்குறா குடும்பப் பேரை எல்லாம்?"

"எனக்கும் அதே பேருதாங்க. ரச்சனி நாவாபொன்பை. வேலைக்கு ஒரு சான்று வாங்க ஆபீஸுக்குப் போனேன். அங்க இருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'நாடு முழுக்க இந்தப் பேருல ரெண்டே பேருதான். ஒண்ணு நீ. இன்னொண்ணு ராயோங் துறைமுகத்துல சனான்னு ஒருத்தர். உங்கப்பா பேரும் சனான்தானே, போய்ப் பாரு'ன்னு அனுப்பிடுச்சு."

சனான் கரண்டியைக் கீழே வைத்தான். இந்த நாட்டில் ஒரு குடும்பத்தின் பேரை இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. பேர் ஒன்று என்றால் ரத்தமும் ஒன்று. அவனோ எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த மோன் இனத்தான். உண்மையான சனான் மீன்பிடிப் படகில் காய்ச்சல் கண்டு செத்தபோது, முதலாளி அந்த அடையாள அட்டையை இவனிடம் தூக்கிப் போட்டு, "இனிமே நீதான் சனான்" என்றார். இருபது வருடம் ஓடிவிட்டது. தன் இன ஆட்கள் நடமாடும் தெருப் பக்கம்கூட இவன் தலை வைத்துப் படுப்பதில்லை. புவாவுக்கும் தெரியாது. 'இவர் என் அப்பா இல்லை' என்று இந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையும் போகும், புவாவும் போவாள். ஜெயில்தான்.

"யோவ், பொண்ணு இருக்குன்னு என்கிட்ட மூச்சு விடலையே நீ," என்றாள் புவா. "இன்னும் எத்தனை பேரு வரப்போறாங்கன்னு சொல்லு, கிண்ணத்தையாவது கழுவி வைக்கிறேன்." வாய்தான் கிண்டல் பேசியது. கண் சிரிக்கவில்லை.

"அப்பா கடலுக்குப் போனப்போ எனக்கு நாலு வயசு. முகம் ஞாபகமில்ல," என்றாள் ரச்சனி. பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "இந்தப் பேரு நமக்கு எப்படி வந்துச்சுங்க?"

அதுவரைக்கும் தப்பித்தோம் என்று நினைத்தான் சனான். செத்தவன் படகில் தினமும் பெருமையடித்த கதை அது.

"எல்லாரும் குடும்பப் பேரு வச்சுக்கணும்னு ராஜா உத்தரவு போட்ட காலம். புயல்ல அத்தனை படகும் முழுகிடுச்சு. எங்க கொள்ளுத்தாத்தா படகு மட்டும் கரைக்கு வந்துச்சு. மறுநாளே போய் அதிகாரிகிட்ட எழுதி வாங்கின பேரு. ஆபத்தைத் தாண்டின ஓடம்னு அர்த்தம்."

"அப்புறம் ஏன் ரெண்டே பேரு மிச்சம்?"

"பேரைப் பார்த்தா கடல் விட்டுடும்? ஒவ்வொருத்தரா எடுத்துக்கிச்சு."

பதில் சரியாக வர வர அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அப்பாவைக் கண்ட அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டான்.

"கடைசியா ஒண்ணு கேக்குறேன். ரச்சனிங்கிறது அட்டையில இருக்கிற பேரு. வீட்டுல என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

சனான் குனிந்து அடுப்புத் தீயைக் குறைத்தான். இங்கே யாருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பேர் உண்டு. அது எந்த அட்டையிலும் இருக்காது. செத்தவன் எப்போதும் 'என் பொண்ணு, என் பொண்ணு' என்றுதான் சொல்வான்.

புவா உருண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாள். "சொல்லேன்யா. பெத்த பொண்ணைக் கூப்பிட்ட பேருகூடவா மறந்துபோச்சு?"

சின்னவள் என்று அர்த்தம் வரும் 'லெக்' என்ற செல்லப் பேரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"லெக்."

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

புவாவுக்கு மனசு இளகிவிட்டது. "அழாதடி பொண்ணே. இந்த மனுஷன் இப்படித்தான், எதையும் சொல்ல மாட்டாரு. எப்பச் சாப்பிட்டியோ, இரு, சோறு கொண்டாறேன்," என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைமேல் குனிந்தாள்.

"பயப்படாதீங்க," என்றாள், இருபது வருடமாக அவன் காதில் விழாத அவன் தாய்மொழியில். "கை சுட்டப்போ நீங்க முழுங்கின வார்த்தையை எங்க ஊர்லயும் சொல்வாங்க. ரச்சனியோட வீட்டுப் பேரு லெக் இல்ல, ஃபா. போன மழைக்காலத்துல அவ தன் அடையாள அட்டையை என் கையில கொடுத்துட்டு என் மடியிலதான் செத்தா. வராம இருந்தா ஆபீஸ்ல சந்தேகப்படுவாங்க. நீங்க அவளோட நிஜ அப்பாவா இருந்துடக் கூடாதேன்னு நடுங்கிக்கிட்டேதான் நானும் வந்தேன்."