கூலி வேண்டாத ஆள்

கேட்டைத் திறந்ததுமே பூட்டு தலையில் அடித்துக்கொண்டான். காடாய்க் கிடந்த நிலம் முழுக்க மஞ்சள் பூ!

பூட்டு என்பது தொழில் வட்டாரத்தில் அவனுக்கு வைத்த பெயர். எந்தப் பூட்டும் அவன் கை பட்டால் வாயைத் திறந்துவிடும். கடைசியாகத் திறந்தது ஒரு நகைக்கடை. போலீஸ் துரத்த, இருட்டில் எங்கேயோ வேலி தாண்டி இந்த ஆளில்லா நிலத்தில் குதித்தவன், மூடி நசுங்கிய ஒரு நீல பிஸ்கட் டப்பாவில் நகைகளைத் திணித்துப் புதைத்தான். டவுனில் வளர்ந்த புத்தி! அடையாளத்துக்கு மரத்தைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் பூச் செடியைப் பார்த்து வைத்துக்கொண்டான். அடி தாங்கி, வாயைத் திறக்காமல் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தால், அந்தச் செடி ஊர்ப்பட்ட குட்டி போட்டிருக்கிறது.

போதாக்குறைக்கு நிலத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். ரிட்டையரான ஒரு கணவனும் மனைவியும் அங்கேயே சின்னதாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

"சுத்தம் பண்ண ஆள் வேணுங்களா?" என்றான் பூட்டு.

"வேணும்தான். கூலி எவ்வளவு கேப்பே?" என்றார் கணவர்.

"கூலியெல்லாம் வேண்டாங்கய்யா. சாப்பாடும் படுக்க இடமும் குடுத்தாப் போதும். மண்ணுல வேலை செய்யணும்னு ஒரு ஆசை."

கணவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அம்மாவோ அப்படியே உருகிப்போனார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! ஒண்ணே ஒண்ணு தம்பி. மேலாக வெட்டிட்டுப் போகக் கூடாது. ஆழமாத் தோண்டி வேரோட எடுக்கணும். கேட் பக்கத்துல அந்த எலுமிச்சங்கன்னு இருக்கு பாருங்க, அதை மட்டும் விட்டுடுங்க. அங்கே நானே சுத்தம் பண்ணிட்டேன்."

பூட்டுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தோண்டச் சொல்லிக் கடப்பாரையையும் அவர்களே கொடுக்கிறார்களே!

அன்று முதல் மாடாய் உழைத்தான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். முள் கிழிக்காத இடம் உடம்பில் இல்லை. ஒரு தடவை பாம்பைப் பார்த்துக் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். பிறகு டப்பாவை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

கணவனும் மனைவியும் நிழலில் நாற்காலி போட்டு டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்த மூலையில ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க தம்பி!" என்று அம்மா குரல் கொடுப்பார்.

"பாவம்டி, கையில ஏதாவது குடுக்கலாம்" என்பார் கணவர், நெளிந்துகொண்டே.

"அவரே வேண்டாங்கறாரு. நல்ல மனசைக் கெடுக்காதீங்க."

ஏமாளி ஜென்மங்கள் என்று நினைத்தபடி பூட்டு அடுத்த செடிக்கு நகர்வான்.

ஒருவழியாகக் கடைசிச் செடியும் வந்தது. அதன் அடியிலும் மண்புழுதான் இருந்தது.

நிலம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகக் கிடந்தது. அதன் நடுவில் பூட்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் வாங்கிய அடி, இருந்த ஜெயில், பட்ட பாடு எல்லாம் மண்ணோடு மண். அழுகையே வந்துவிட்டது.

"நான் கிளம்பறேம்மா" என்றான்.

"வெறுங்கையோட அனுப்ப மனசு வரல தம்பி. வழியில சாப்பிடக் கொஞ்சம் கட்டியிருக்கேன்."

அம்மா நீட்டியதைக் கையில் வாங்கியவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடி நசுங்கிய நீல பிஸ்கட் டப்பா. தேய்த்துக் கழுவியதில் பளபளவென்று இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

கேட் வரை வழியனுப்ப வந்த அம்மா, குனிந்து எலுமிச்சங்கன்றின் இலையைத் தடவிக் கொடுத்தார்.

"நிலம் வாங்கின அன்னைக்கு இந்த இடத்துல இருந்த செடியை மட்டும்தான் தம்பி நான் பிடுங்கினேன். மிச்சத்தைப் பிடுங்க ஆள் தானா வரும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு!"