கூத்தாநல்லூர் மலையேற்றச் சங்கம்

“எவரெஸ்ட் உயரமா இருக்கே தவிர, அதுல பெரிய விஷயம் ஒண்ணும் கெடையாது” என்று சமீர் சொன்னபோது, கூத்தாநல்லூர் மலையேற்றச் சங்கத்தின் மொத்த உறுப்பினர்களும் குடிநீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், ஆறாவது படியில், கண்ணை இறுக மூடிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார்கள். மொத்த உறுப்பினர்கள் என்பது ஃபஹத்.

சங்கம் ஆரம்பித்த புதிது. தலைவர், செயலாளர், பயிற்சியாளர் மூவரும் சமீர்தான். சுற்றுவட்டாரத்தில் மலையே இல்லை என்பதை அவன் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் தொட்டி இருந்தது, தொட்டிக்கு ஏணி இருந்தது, தலைவரின் கழுத்தில் விசில் இருந்தது. செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது.

ஏழாவது படிக்குக் காலைத் தூக்கிய ஃபஹத், “உம்மா...” என்றான். சத்தமாகக்கூட இல்லை.

சமீர் விசிலடித்துப் பயிற்சியை நிறுத்தினான். “மலையேறுறவன் சாவுற நேரத்துலகூட உம்மாவக் கூப்பிட மாட்டான்டா. நீ போயி பால் குடிச்சிட்டுத் தூங்கு.”

ஃபஹத் இறங்கினான். செருப்பை மாட்டிக்கொண்டான். “நீ இன்னும் மொதப் படியே ஏறலடா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரையோடு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அது காலையில். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது தெருவே வாய்க்காலுக்குள் நின்றது.

பிள்ளையைக் காணோம். தொட்டியடிப் படித்துறையில் ஒரு ஜோடிச் செருப்பு, அதற்குள் சொருகிய செல்போன். இந்தப் பக்கம் ஆளைக் காணோம் என்றால் யாரும் வேறெங்கும் தேடுவதில்லை, குனிந்து தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். அதிலும் ஆற்றில் புதுத் தண்ணீர் விட்டிருந்த நேரம்.

சமீர் ஓர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மளிகைக்கடை முகம்மது யூசுப் கடையைச் சாத்திவிட்டு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியால் துழாவினார். காலில் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

அன்றைக்கு முறைத் தண்ணீர் விவசாயி மருதையனுடைய நாற்றங்காலுக்குப் பாய வேண்டியது. வாய்க்கால் வடியட்டும் என்று அவரே போய் மதகை அடைத்தார். நாற்று காய்ந்துவிடுமே என்று யாரோ கேட்டார்கள். “காஞ்சா மறுபடி விதைச்சுக்கலாம். புள்ளைய எங்க போயி விதைக்கிறது?” என்றார்.

சமீர் யோசித்துப் பார்த்தான். காலையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. யூசுப் மாமா இந்நேரம் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருப்பார்.

விசில் இன்னும் கழுத்தில்தான் கிடந்தது. ஓர் ஊது ஊதினால் போதும், அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்பதுதான் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றே உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. கால் வேறு மரத்துப்போய் நகர மறுத்தது.

பெற்றவள் படித்துறையில் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்த இடியாப்பத்தைத் தொடாமல் போனானே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரோ தொட்டிப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டதற்கு, அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அவனாவது ஏறுறதாவது. மொட்டமாடியில துணி காயப்போடச் சொன்னாலே தல சுத்துதும்பான் எம்புள்ள.”

சிரித்தவள் திடீரென்று எழுந்து, செருப்பை வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து நடந்தாள். ஆழம் பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

சமீர் விசிலை எடுத்து வாயில் வைத்தான். நாக்கு உலர்ந்திருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

அதே நேரம் மதகடியில் மூழ்கியிருந்த ஒருவன் மேலே வந்தான். முகமெல்லாம் சேறு. கண்ணை வழித்துவிட்டுக்கொண்டு அந்தத் தாயை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான். “இங்கயும் இல்ல மாமி. நான்தான் காலையில அவன ஒரு வார்த்தை சொல்லிட்டேன்” என்றான் ஃபஹத்.

தொட்டியின் உச்சியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து சங்கத் தலைவரின் தலை மெல்ல எழுந்து குரல் கொடுத்தது. சத்தமாகக்கூட இல்லை.

“உம்மா... மேல பாரும்மா.”