மெழுகுப் பையும் ஒரு ரஸ்க்கும்

ஜன்னல் வெளிச்சத்தில், சமையலறை மேசை மேல் அக்காவின் கித்தான் பை கிடக்கிறது. இதில் வைத்துத்தான் அவள் பேக்கரி ரொட்டிகளை சைக்கிளில் வீடு வீடாகக் கொடுக்கிறாள். நேற்று மழையில் எல்லாம் ஊறிப்போக, இன்னொரு முறை நனைந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தண்ணீர் புகாமல் இருக்க, அக்கா பையின் மேல் தேன்மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்க்கிறாள். தேய்த்த இடம் சாக்பீஸ் கிறுக்கியதுபோல் வெளுக்கிறது. ஹேர் டிரையரின் சூடு பட்டதும் துணி ஈர மண்ணின் நிறமாகிறது. அந்த வெள்ளை எங்கே போனதென்று நான் துணியைத் திருப்பிப் பார்க்கிறேன், பின்பக்கமும் இல்லை. “என் தலையை என்னிக்காவது இப்படிக் காய வெச்சிருக்கியா?” என்கிறார் பக்கத்தில் நிற்கும் மாமா, அக்காவின் கணவர். “முடி இருந்தா வைக்க மாட்டேனா?” என்கிறாள் அக்கா, நிமிராமல். முதல் தடவை மெழுகு பூசித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, சோதனைக்காக உள்ளே வைத்த ரஸ்க் ஓரத்தில் நமுத்துவிட்டது. தையல் ஓட்டைகளை அவள் மறந்திருந்தாள். இப்போது கட்டியின் முனையால் தையல் நெடுக மெழுகை அடைத்துச் சூடு காட்டுகிறாள். வேறொரு ரஸ்க் உள்ளே போகிறது. மாமா மூடிய பையின் மேல் குவளைத் தண்ணீரைச் சாய்க்கிறார். தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டை உருண்டையாக நிற்கிறது. ஒவ்வோர் உருண்டையிலும் குட்டியாக ஒரு ஜன்னல். “உள்ள என்ன கதையோ,” என்று முணுமுணுத்தபடி அக்கா ரஸ்க்கை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைக்கிறாள். மாமா தன் காதை அவள் கன்னத்தருகே கொண்டுபோகிறார். மொறுக்கென்று கேட்கிறது.