கோயிலுக்குப் போகிற வழி

“ஏம் பாப்பா, இத்தாம் பெரிய பள்ளம் கண்ணுக்குத் தெரியலையா?”

கேட்டவர் மாவு மில் மதியழகன். சத்தம் கேட்டதும், அரைத்துக்கொண்டிருந்த மிளகாயை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். மீசையெல்லாம் மிளகாய்த்தூள். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தும்மினார்கள்.

அம்மாபேட்டையில் அந்தத் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டி, பாதி மூடி, ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜல்லி மேல் ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஜெயப்பிரியாவின் முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வீட்டுப் படியில் உட்காரவைக்கப்பட்டிருந்த மாமியார் சாலம்மாளின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீட்டி மடக்குங்க அத்தை. வலிக்குதுங்களா?”

“எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. உன் கையப் பாரு மொதல்ல.”

பூக்காரம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். “வயசானவங்கள வெச்சுக்கிட்டு இப்பிடியா வாரது?”

“யாருக்கு வயசாச்சு?” என்றாள் சாலம்மாள் வெடுக்கென்று.

மதியழகன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார். ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் திரும்பியிருந்தது.

“தனக்கு இல்லாட்டியும் மாமியாருக்கு ஹெல்மெட்ட மாட்டி உட்டிருக்குது பாருங்க. நல்ல புள்ளைதான்” என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

“மாட்டி உட்டா ஆச்சா? வண்டி ஓட்டத் தெரியணுமில்ல?” மதியழகன் விடுவதாக இல்லை.

“என் தப்புதானுங்க. நான் முன்னாடியே பாத்திருக்கணும்” என்றாள் ஜெயப்பிரியா.

“அதில்ல சாமி, அது வந்து…” சாலம்மாள் வாயெடுத்தாள்.

“நீங்க தண்ணி குடிங்க அத்தை.”

மதியழகன் அவளை உற்றுப் பார்த்தார். “அட, நீ நம்ம யோகேஷ் சம்சாரமில்ல? இரு, தம்பிக்கு ஒரு போன் போட்டுடறேன்.”

“வேண்டாங்க! நாங்களே ஊட்டுக்குப் போயிருவோங்க.”

அதற்குள் அவர் காதில் போனை வைத்துவிட்டார்.

ஜெயப்பிரியாவுக்கு முழங்கை அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. யோகேஷுக்கு லாரி ஆபீசில் வேலை. எந்த ரோட்டில் யார் அடிபட்டார்கள் என்பதுதான் அவன் தினமும் கேட்கிற செய்தி. வண்டி வாங்கிய அன்றே சொல்லியிருந்தான், “ஒரு தரம் உழுந்தாலும் சரி, வித்துப்புடுவேன்” என்று. சொன்னால் செய்கிறவன். வண்டி போனால் அஸ்தம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு மறுபடியும் இரண்டு பஸ் மாற வேண்டும். விடிந்ததும் திறக்கிற இடம் அது. இதற்கு முன் பார்த்த வேலை, பஸ்ஸை நம்பித்தான் போனது.

பக்கத்து வீட்டு பைக்கில் யோகேஷ் வந்து இறங்கினான். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். நேராக அம்மாவிடம் ஓடினான். தலை, தோள், முட்டி என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லடா.”

பிறகுதான் மனைவி பக்கம் திரும்பினான். அவள் முழங்கையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அந்த மாற்றம் குரலில் கோபமாகத்தான் வந்தது.

“கோயிலுக்குன்னுதான சொல்லிட்டு வந்தீங்க? நாலு வாரமா ஞாயித்துக்கெழமையானா போதும், கோயிலு கோயிலுன்னு. நடந்து போற தூரத்துக்கு வண்டி எதுக்கு?”

“ஜல்லி சறுக்கிருச்சுங்க.”

“சறுக்கும். இன்னிக்கு ஜல்லி, நாளைக்கு லாரி. தெனம் பாக்கறேன் பிரியா நான். போதும். எங்க ஆபீஸ் கலையரசன் இந்த வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்கான். சாயந்தரமே எடுத்துக்கச் சொல்லிடறேன்.”

“லேபுக்கு நான் எப்பிடிங்க போவேன்?”

“பஸ்ல போ. இல்லாட்டி போகாத.”

போன் போட்ட மதியழகனுக்கே என்னவோ போலிருந்தது. “உடுங்க தம்பி, சின்னச் சிராய்ப்புதான். ரோடு இருக்கற லட்சணத்துக்கு யாரு வந்தாலும் உழுகத்தான் செய்வாங்க” என்றார்.

“நீங்க சும்மா இருங்கண்ணா.”

ஜெயப்பிரியா மாமியாரை ஒரு முறை பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சாவியக் குடு” என்று யோகேஷ் அவளிடம் கையை நீட்டினான்.

அவள் அசையவில்லை.

“உன்னத்தான் கேக்கறேன். சாவி எங்க?”

சாலம்மாள் சொம்பைப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். நொண்டாமல் நடந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். மகனின் நீட்டிய கையைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“அவள எதுக்குடா வையற? பாவம், பின்னாடி உக்காந்துக்கிட்டு ‘பிரேக் அத்தை, பிரேக்’னுதான் கத்துனா; நாந்தான் ஆக்சிலேட்டரத் திருகிட்டேன். வண்டிய விக்கறதா இருந்தா எனக்கு லைசென்ஸ் வந்ததுக்கப்பறம் எங்கிட்டக் கேளு” என்றவள், மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். “நீ ஏறு கண்ணு. இன்னிக்கு எட்டுப் போடச் சொல்லித் தாரேன்னியே!”