மூன்றாம் நம்பர் தோள்பட்டை

பார்சல் கிடங்கின் மூணாம் பெல்ட் அக்கா லீவு லெட்டரோடு வந்து நின்றபோது, என் பிட்சரின் தோள்பட்டை அறுபத்தொரு சதவீதம் களைத்திருந்தது.

அப்படியொரு ஆள் உலகத்தில் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் நடக்கும் பேஸ்பால் லீக்கில் என் அணிக்குப் பந்து எறியும் ஐந்து பேரில் அவன் மூன்றாம் நம்பர், அவ்வளவுதான்.

ஆனால் நாலு மணிக்கு இறுதி ஆட்டம். ஆறு வருஷமாக எனக்கு டிமிக்கி கொடுத்துவரும் கோப்பை.

லெட்டரை வாங்கி ஸ்டேப்ளருக்கு அடியில் செருகினேன். தோள் வலியாம், ரெண்டு நாள் வேண்டுமாம்.

"இருங்கக்கா, இங்க ஒரு தோளே போய்க்கிட்டிருக்கு. நூறு பந்து எறிஞ்சா ஒரு மனுஷனுக்கு நாலு நாள் ஓய்வு குடுக்கணும், தெரியுமா?"

"நூறுக்கே நாலு நாளா சார்?"

ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆதியிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆடுவது நாங்கள் இல்லை. யார் எறிய வேண்டும், மட்டைக்காரர்கள் எப்படி ஆட வேண்டும் என்று நாலு மணிக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். மீதியைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும். என் முதல் இரண்டு பிட்சர்களும் காயத்தில் படுத்துவிட்டார்கள். நாலும் ஐந்தும் நேற்று எறிந்தவர்கள். எனவே ஒன்பது சுற்றையும் இந்த மூன்றாம் நம்பரே இழுக்க வேண்டும்.

அக்கா இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை கவனமாக என் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை.

அதனால் ரகசியத்தையும் சொன்னேன். எதிரணி மட்டையை வீசாமல் மரம் மாதிரி நின்றால், இவன் பந்துமேல் பந்தாக எறிந்து மூன்றாம் சுற்றிலேயே துவண்டுவிடுவான்; அப்புறம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நல்லவேளை, எதிரணி மேனேஜர் எப்போதும் முதல் பந்தையே அடிக்கச் சொல்கிற அவசரக்காரர். 'பொறுமை' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள் வேடிக்கையை. நேரில் யாரும் பார்த்ததில்லை.

அக்கா சிரித்தார். லீவைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு டீக்குப் போனார்.

தங்கமான மனுஷி. பெல்ட்டில் வரும் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஏழடி தள்ளி நிற்கும் கூண்டுகளுக்குள் எறிவது அவர் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு பார்சல். நான்தான் கணக்கு எடுத்தேன்.

நாலு மணிக்கு ஆட்டம் ஓடியது.

எதிரணியின் முதல் ஆள் மட்டையை வீசவில்லை. இரண்டாவது ஆளும் வீசவில்லை. ஒன்பது பேரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

மூன்றாம் சுற்று முடிவதற்குள் என் பிட்சரின் தோள் தொண்ணூற்றேழு சதவீதம். அதற்கப்புறம்தான் மட்டையை வீச ஆரம்பித்தார்கள். பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இடது கையால் எறிந்துகொண்டிருந்தார். ஒரு பார்சல்கூடக் கூண்டைத் தப்பவில்லை.

திரையில் 'பொறுமை'யிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. டீ நேரத்திலேயே எழுதி, நாலரைக்கு எனக்கு வந்து சேரும்படி வைத்திருக்கிறார்.

"நல்லா விளக்கிச் சொன்னீங்க சார். லெட்டர் ஸ்டேப்ளருக்கு அடியில இருக்கு."