பிரிக்காத டப்பா

“பன்னிரண்டு வருஷமாச்சு. இந்தக் கை ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்லை.”

எந்தப் பண்ணைக்குப் போனாலும், பெட்டியை இறக்கி வைக்கும்போதே குளம்பக்கா இதைச் சொல்லிவிடுவாள். கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஆடுகளுக்குக் குளம்பு சீவுவது அவள் தொழில். பெருமையடிப்பது அதற்குக் கொசுறு.

பெட்டிக்குள் கத்தரி, வளைந்த கத்தி, அரம். ஓரத்தில் ஒரு சின்ன டப்பா, ரத்தத்தை நிறுத்தும் தூள். வாங்கியபோது இருந்த சீல் இன்னும் பிரியவில்லை. இந்தப் பண்ணையிலும் அதைத் தூக்கிக் காட்டினாள்.

“பார்த்துக்கோங்க மாப்பிள்ளை,” என்றார் பண்ணைக்காரர். “இதுதான் கை. உங்களுக்கும்தான் ரெண்டு இருக்கு.”

மாப்பிள்ளை முதல் ஆட்டை இழுத்து வந்தான். வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து மூன்று மாதமாக மனைவியோடு மாமனார் வீட்டில்தான் இருக்கிறான். வந்த வாரமே வேலிக் கதவைத் திறந்து போட்டு, பக்கத்துத் தோட்டத்து அவரைக் கொடியை ஆடுகளுக்கு விருந்து வைத்தான். போன மாதம் பால் கேனைக் கவிழ்த்தான். “இன்னும் ஒண்ணைக் கெடுத்தீங்கன்னா, உங்க வழியைப் பார்த்துக்கோங்க” என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆட்டைப் பிடித்துக் கொடுப்பதோடு சரி, கத்தரியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

வேலை ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஆட்டைச் சுவரோடு அணைத்துப் பிடித்தான். குளம்பக்கா காலை மடக்கி, கத்தி நுனியால் அழுக்கைக் கிளறி எடுத்தாள். வளர்ந்து மடங்கிய ஓரத்தை நறுக்கினாள். மெல்லச் சீவிக்கொண்டே வந்து, வெள்ளைக்கு அடியில் லேசாக ரோஜா நிறம் தெரிந்ததும் நிறுத்தினாள். அரத்தால் இரண்டு இழுப்பு. அடுத்த கால்.

“இந்த நிறம்தான் எல்லை தம்பி. அதைத் தாண்டினா சதை. தாண்டறவங்க தொழில்காரங்க இல்லை.”

பத்து ஆடுகள் முடிந்தன. பதினொன்றாவது வெள்ளச்சி. பண்ணையிலேயே அதிகம் பால் தருபவள். பெற்ற மகளுக்கு அடுத்தபடி பண்ணைக்காரருக்கு அவள்தான்.

முன்கால் இரண்டும் ஆயிற்று. பின்னங்கால் ஒன்றை மடக்கிக் கிளறிய குளம்பக்கா, கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு கத்தரி ஒரு தடவை ‘டக்’கென்றது.

“போச்சு,” என்றாள். “கை தவறிடுச்சுங்க ஐயா.”

குளம்பிலிருந்து ரத்தம் சொட்டியது.

கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் எழுந்துவிட்டார்.

“பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு வருஷம்னு காது புளிக்கச் சொன்னீங்களேம்மா. கடைசியில என் வெள்ளச்சிதானா கிடைச்சா?”

“தப்புதாங்க.”

“எல்லை தெரியாம அழுத்தினா இப்படித்தான் ஆகும். வாயில்லா ஜீவன். வலிச்சாக்கூடச் சொல்லத் தெரியாது. அந்தத் தைரியம்தானே?”

சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். “யானைக்கும் அடி சறுக்கும். விடுங்களேன்.”

“சறுக்கட்டும். என் ஆட்டு மேலயா சறுக்கணும்?”

குளம்பக்கா பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்தாள். டப்பாவின் சீலைப் பிரித்தாள். தூளை வைத்து அழுத்தி, துணியால் கட்டினாள். ரொம்பப் பெருமை பேசினால் இதுதான் கதி என்று, பார்த்த யாரும் நினைத்திருப்பார்கள்.

“மிச்ச ஆட்டுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க,” என்றார் பண்ணைக்காரர்.

மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தான். மொபெட்டில் அதைக் கட்டும்போது அவன் குரல் இறங்கியது.

“அக்கா, அது நீங்க இல்லை. நேத்து சாயங்காலம் நான்தான் வெட்டினேன், ஃபோன்ல வீடியோ பார்த்து. குளம்பு காய்ஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு, அழுத்திட்டேன். ரத்தம் வந்ததும் சேத்தை அப்பி மறைச்சுட்டேன். மாமாகிட்ட ஒரு நல்ல பேராவது வாங்கலாம்னு பார்த்தேன்.”

“தெரியும் தம்பி. சேத்தைக் கிளறினதும் நேத்து காயம் திறந்துக்கிச்சு, கத்தரியைச் சும்மாதான் தட்டினேன். ஆட்டைவிட நீங்கதான் அதிகமா நடுங்கினீங்க.”

“அப்புறம் எதுக்கு உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க?”

“எனக்கு இது போனா இன்னொரு பண்ணை. உங்களுக்கு இன்னொரு மாமனாரா கிடைப்பார்?”

மொபெட்டை உதைத்தாள். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள்.

மாப்பிள்ளை திரும்பி நேராகக் கொட்டகைக்குள் போனான். பண்ணைக்காரர் வெள்ளச்சியின் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, வெட்டினது அவங்க இல்லை. நான்தான். நேத்து.”

சொல்லிவிட்டான். இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நின்றான்.

அவர் நிமிரவில்லை. “தெரியும். காலையில பால் கறக்கும்போதே நொண்டிக்கிட்டு நின்னா. ரெண்டு நாளா கொட்டகையை விட்டு இறங்காத ஆட்டுக்குக் குளம்புல ஏது சேறு?”

“தெரிஞ்சுமா அவங்களை அப்படித் திட்டினீங்க?”

“நான் திட்டினது உங்களைத்தான் மாப்பிள்ளை. அவங்க வாங்கிக்கிட்டாங்க. நீங்களா வந்து சொல்லுவீங்களான்னுதான் அவங்களைக் கிளம்பச் சொன்னேன்.”

வாசலில் மொபெட் இன்னும் இருமிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் எழுந்து, மருந்து அலமாரியிலிருந்து சீல் பிரிக்காத தூள் டப்பா ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“ஓடுங்க. இதை அவங்க பெட்டியில வெச்சுட்டு, மிச்ச ஆட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கை இன்னும் ரத்தம் பார்க்கலை.”